கத்தி மாற்றக் கற்றுக்கொடுத்துவிட்டு வீடரைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பவர் வீடர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறிக் களை எடுக்கும் கை இயந்திரம்), மினி டில்லர், பவர் டில்லர் முதலிய சிறு உழவு இயந்திரங்களைப் பற்றியும், அவற்றுக்குக் கிடைக்கும் மானியத்தைப் பற்றியும், அரசின் உழவன் செயலியில் அதற்குப் பதிவு செய்யும் முறையைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். களை எடுக்க ஆள் கிடைக்காத எங்கள் பகுதியில் இந்த இயந்திரங்கள் இல்லாவிட்டால் பாதிக் காடு இன்று கரம்பாகத்தான் கிடந்திருக்கும். வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் எந்த இயந்திரத்தை எவ்வளவு மானியத்தில் வாங்கலாம் என்று சொல்லும் செய்திகள் வந்த அளவுக்கு, அதன் தேய்ந்த கத்தியைக் கை கால் சேதமில்லாமல் கழற்றி மாற்றுவது எப்படி என்று சொல்லும் செய்தி என் கண்ணில் பட்டதில்லை. ஒரு வீடரை வாங்கியவர் வருடத்துக்கு ஒரு முறையேனும், எங்களைப் போன்ற கல்லுக்காட்டுக்காரர்கள் அதற்கு மேலும், செய்தே தீரவேண்டிய வேலை அது. அந்த வேலையில் என் குடும்பத்தில் நடந்த ஒரு விபத்தைப் பற்றியும், அதற்குப் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டவற்றைப் பற்றியும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தாலும் முழுவதையும் வெளியிட வேண்டுகிறேன்.

எங்கள் தோட்டம் சென்னிமலைப் பக்கம் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய இரண்டரை ஏக்கரில் மஞ்சள் போடுகிறோம். வாய்க்காலுக்கு மேலே இருக்கும் மேட்டுக்காட்டில் நிலக்கடலை, எள், சோளம் என்று மழையைப் பார்த்து எதையாவது விதைக்கிறோம். மண் செம்மண், அதில் சரளையும் வெங்கச்சாங்கல்லும் (வெள்ளைக் குவார்ட்ஸ் கல்) கலந்து கிடக்கும். வெங்கச்சாங்கல் இரும்பைவிடக் கடினமானது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மறந்திருக்கலாம், வீடர் ஓட்டுகிறவர்கள் மறக்க முடியாது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் கரிசலில் நீண்ட நாள் உழைக்கும் கத்தி எங்கள் காட்டில் சீக்கிரமே மெலிந்து, நுனி கூராகி, பார்ப்பதற்குக் கருக்கரிவாளைப் போல ஆகிவிடுகிறது. அப்படித் தேய்ந்த கத்தி மண்ணைக் கடிக்காது, மேலேயே துள்ளும். ஓட்டுகிறவர் கைப்பிடியைப் பலமாக அழுத்துவார், பெட்ரோல் அதிகம் குடிக்கும், கை மரத்துப் போகும், அழுத்திக்கொண்டு போகும்போது ஒரு கல் இடறினால் இயந்திரம் எகிறும். ஆகவே தேய்ந்த கத்தியோடு ஓட்டுவதே ஓர் ஆபத்து. அதை மாற்றும் வேலையில் இருப்பது இன்னோர் ஆபத்து. இரண்டாவதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில், மஞ்சளுக்குக் களை ஓட்டிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. ஓட்டியவன் என் தம்பி மகன். இருபத்து நான்கு வயது. தொழிற்பயிற்சி படித்தவன், இயந்திரம் புரியாதவன் அல்லன். காலை பத்தரை மணி இருக்கும். பாத்தியின் கடைசியில், வரப்போரம் மண்ணுக்குள் கிடந்த ஒரு கல் கத்தியில் மாட்டி, இயந்திரம் ஒரு முறை உதறி அப்படியே நின்றுவிட்டது. ஒரு கத்தி வளைந்து பக்கத்துக் கத்தியோடு ஒட்டிக் கிடந்தது. முழுச் செட்டையும் அன்று சாயங்காலம் மாற்றுவதென்று புதுக் கத்திகளை ஏற்கெனவே வாங்கி வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தோம். மீதி இருந்ததோ நான்கு சால்தான். வளைந்த அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டி முடித்துவிடலாம் என்று நினைத்து, இயந்திரத்தை அங்கேயே ஈர மண்ணில் கைப்பிடியின் மேல் சாய்த்துப் படுக்க வைத்தான்.

இயந்திரம் தானாக நின்றதே தவிர அவன் அணைக்கவில்லை. ஆகவே சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருந்தது. இன்ஜினுக்குப் பொறி தரும் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் மின்கம்பி மூடியான பிளக் கேப் கழற்றப்படவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கத்தி சுற்றுவதற்கு அழுத்திப் பிடிக்க வேண்டிய கிளட்ச் பிடியைச் சணல் கயிற்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தோம். நாள் முழுவதும் அழுத்திப் பிடித்திருந்தால் விரல் வலிக்கிறது என்று அதைக் கட்டியவன் நான். துரு ஏறிய நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் இரண்டடி இரும்புக் குழாயை மாட்டி, இடக்கையால் அடுத்த கத்தியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுத்திருக்கிறான். நட்டு கழலவில்லை, கத்தித் தண்டு திரும்பியது. நான் நான்கு பாத்தி தள்ளி மடை மாற்றிக்கொண்டிருந்தேன். ‘டப்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு இயந்திரம் ஓடவில்லை. கத்தி கால் சுற்றுகூடச் சுற்றியிருக்காது. மோதிர விரலும் சுண்டு விரலும் முதல் கணுவோடு போய்விட்டன.

நின்றுபோன இயந்திரம், யாரும் கயிற்றை இழுக்காமல், எப்படி ஒரு கணம் உயிர்பெற்றது என்று எங்களுக்கு அன்று புரியவில்லை. ஊரில் சிலர் நேரம் சரியில்லை என்றார்கள். பிறகு ஈரோட்டில் டில்லர்களைப் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்தான் காகிதத்தில் வரைந்து விளக்கினார். வேலை செய்யும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. கத்தித் தண்டோ நூற்றுச் சொச்சம் சுற்றுதான் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் கியர் பெட்டி அந்த வேகத்தை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகக் குறைத்துப் பலமாக மாற்றித் தருகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கியரும் கிளட்சும் பூட்டிய நிலையில் கத்தித் தண்டை நாம் கையால் கால் சுற்று திருப்பினால், மறுமுனையில் இன்ஜின் ஏழு சுற்றுக்கு மேல் சுற்றிவிடுகிறது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது நடப்பதும் இதுதான். குழாய் மாட்டிய ஸ்பேனரால் அவன் தண்டைத் திருப்பியது, இன்ஜினின் கயிற்றை இழுத்ததற்குச் சமம். இன்ஜின் சூடாக இருந்தது, உள்ளே பெட்ரோல் கலந்த காற்று மிச்சம் இருந்தது, சுவிட்ச் ஆனில் இருந்தது, பிளக் பொறி தந்தது. இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அவன் விரல்கள் இன்று இருந்திருக்கும்.

அந்த மெக்கானிக்கின் பட்டறைக்கு இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனபோது அவர் முதலில் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து இறக்கியதும் நான் கத்தியைக் காட்டக் குனிந்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, “ஏனுங்க, மொதல்ல அந்த பிளக் கேப்பைப் புடுங்கி வெச்சுப்போட்டு அப்பறமாப் பேசலாமுங்க” என்றார். கேப்பைப் பிடுங்கியதோடு விடவில்லை. அது வளைந்து மறுபடி பிளக்கைத் தொட்டுவிடாதபடி, ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டால் தூரமாக இழுத்துக் கட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்டேன். சேற்றிலும் தண்ணீரிலும் உழைக்கும் வண்டியில் சுவிட்சின் கம்பி அறுந்திருப்பது நமக்குத் தெரியாது, அறுந்திருந்தால் ஆப் என்று காட்டினாலும் பொறி வந்துகொண்டுதான் இருக்கும் என்றார். பிளக் கேப்பைக் கையால் கழற்றி வைத்துவிட்டால் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

டீசல் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டீசல் இன்ஜினில் பிளக்கே இல்லை. காற்றை அழுத்தும் சூட்டிலேயே அது பற்றிக்கொள்கிறது. ஆகவே எரிபொருளை நிறுத்தும் நெம்பை ஸ்டாப் நிலையில் வைத்து, டீசல் வரும் வழியை அடைத்து, பேட்டரி ஸ்டார்ட் இருந்தால் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் போட்ட பிறகே கத்திப் பக்கம் போக வேண்டும்.

கிளட்ச் பிடியைக் கட்டும் வழக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தகுதி இல்லை என்று சிலர் நினைக்கலாம். எனக்குத்தான் தகுதி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஓட்டுகிறவர் தடுக்கி விழுந்தாலோ கையை விட்டாலோ கத்தி உடனே நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பிடியை அப்படி வைத்திருக்கிறார்கள். சணல் கயிறு, பிளாஸ்டிக் டேக், டியூப் வளையம் என்று ஏதாவது ஒன்றால் அதைக் கட்டி ஓட்டும் வண்டிகளை எங்கள் பக்கத்தில் இப்போதும் பார்க்கிறேன். ரிவர்ஸ் போடும்போது வரப்பில் கால் இடறி மல்லாந்து விழுகிறவர் மேல் அந்த வண்டி நிற்காமல் ஏறும். பார்க்கும் இடத்திலெல்லாம் நான் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கயிற்றை அறுத்துவிடுகிறேன். சண்டைக்கு வருகிறவர்களுக்கு என் தம்பி மகன் கையைக் காட்டுகிறான்.

இனி, கத்தி மாற்றும் வேலைக்கு வருகிறேன். அதைப் பாத்திக்குள் வைத்துச் செய்யக் கூடாது. களத்துக்கோ சிமெண்டுத் தரைக்கோ கொண்டுவந்து, இன்ஜின் ஆறுவதற்கு அரை மணி நேரமாவது விட வேண்டும். சைலன்சர் பட்டுத் தோல் வெந்தால் கை தானாகப் பின்னால் உதறும், உதறும் இடத்தில் கத்தி இருக்கும். பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் திருகை (பெட்ரோல் காக்) மூட வேண்டும். சாய்த்து வைக்க வேண்டிய வண்டியானால் டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, காற்று வடிகட்டியும் கார்புரேட்டரும் இருக்கும் பக்கம் மேலே வரும்படி சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் ஆயில் வடிகட்டிக்குள் இறங்கி, அடுத்த நாள் வண்டி புகைந்துகொண்டு நிற்கும். வடித்த பெட்ரோலுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கிறவரைத் தள்ளிப் போகச் சொல்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். பெரிய பவர் டில்லரைச் சாய்க்கவே முயலக் கூடாது. அதன் எடைக்கு இரண்டு ஆள் போதாது.

முட்டுக் கொடுப்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் அலட்சியம் காட்டுகிறார்கள். ஒருவர் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தூக்கி நிற்கும் கத்திக்குக் கீழே கை விட்டு வேலை செய்வதை எங்கும் காணலாம். பிடித்திருப்பவரின் கைப்பேசி ஒலித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரம் தாங்காமல் பொடியும். வேம்போ கருவேலோ, அகலமாக அறுத்த இரண்டு மரக்கட்டைகளைக் கியர் பெட்டிக்கு இரு புறமும் சட்டத்துக்குக் கீழே கொடுத்து, கைப்பிடியைப் பலமாக ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகு உட்கார வேண்டும்.

நட்டைக் கழற்றும்போது கத்தித் தண்டு திரும்பாமல் இருக்க வேண்டுமல்லவா? அதற்குக் கையோ காலோ கூடாது. கத்திக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கட்டையைச் சொருகினால் தண்டு அசையாது. முதலில் தண்டில் சுற்றிக் கிடக்கும் குப்பையை அறுத்து எடுக்க வேண்டும். எங்கள் காட்டில் அது அறுகம்புல்லும் சொட்டுநீர்க் குழாய்த் துண்டும் உரச்சாக்கு நூலுமாக இருக்கும். இந்த நூல் இறுகி ஆயில் சீலுக்குள் நுழைந்தால் கியர் ஆயில் கசிந்து, கத்திச் செலவோடு கியர் பெட்டிச் செலவும் சேர்ந்துகொள்ளும். பிறகு கம்பி பிரஷால் நட்டைச் சுத்தம் செய்து, துரு நீக்கும் எண்ணெயோ, கிடைக்காவிட்டால் டீசலோ விட்டு, முடிந்தால் ஓர் இரவு ஊற விட வேண்டும். சரியான அளவுள்ள ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ வேண்டும். திருகி அளவு மாற்றும் ஸ்பேனர் நழுவும். நட்டு சட்டென்று விடும்போது நம் விரல் முட்டி பாய்ந்து போகும் வழியில் அடுத்த கத்தி இருக்கும். அந்த மெக்கானிக், கழற்றும் கத்திக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் கத்திகளின் மேல் பழைய லாரி டியூபை அகலமாக வெட்டி உறை போல மாட்டிவிடுகிறார். கால் காசு செலவில்லாத இந்த ஏற்பாட்டை இன்று என் தோட்டத்தில் நாங்களும் செய்கிறோம். தடித்த தோல் கையுறை இந்த வேலைக்கு அவசியம். ஆனால் வண்டி ஓடும்போது தொளதொளத்த கையுறையும் கழுத்துத் துண்டும் லுங்கியும் கூடவே கூடாது. சேலைக்கு மேல் சட்டை போட்டுக் களைக்கு இறங்கும் பெண்கள் வீடரைப் பிடிக்கும்போது முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகினால் மட்டும் போதாது. கால்சட்டை அணிவதே நல்லது.

கத்திகள் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. வலத்துக்கு வளைந்தவையும் இடத்துக்கு வளைந்தவையுமாக அவை இரண்டு வகை. நம் இரு கைகளைப் போல ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது, பொருந்தினாலும் வேலை செய்யாது. தட்டித் தீட்டிய விளிம்பு முதலில் மண்ணுக்குள் இறங்க வேண்டும். முதுகுப் பக்கம் முன்னால் வரும்படி மாட்டினால் வண்டி மண்ணை வெட்டாமல் அடிக்கும். பத்தடி போவதற்குள் கை கடுத்துவிடும். ஆகவே கழற்றும் முன் கைப்பேசியில் இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பால் இடம், வலம் என்று குறித்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பி வைத்துவிட்டு, எது எங்கே இருந்தது என்று திகைத்து நிற்கும் நிலை வராது. வளைந்தது ஒன்றானாலும் மாற்றுவது முழுச் செட்டாக இருப்பது நல்லது; புதிதும் பழையதும் கலந்தால் ஆழம் மாறி வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதிரும், அதிர்ந்தால் போல்ட்டு தளரும்.

போல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தியோடு வரும் போல்ட்டின் தலையில் 8.8 என்றோ அதற்கு மேற்பட்ட எண்ணோ பொறித்திருக்கும். அது அதிக இழுவிசை தாங்கும் ஹைடென்சில் போல்ட்டு என்பதற்கு அடையாளம். ஒன்று தொலைந்தால் ஊர்க் கடையில் வாசல் கேட்டுக்கு மாட்டும் சாதாரண போல்ட்டை வாங்கிப் போட்டுவிடுகிறோம். அது நான்கு நாளில் நீண்டு, தளர்ந்து, கல்லில் அடிபடும்போது அறுந்து, கத்தியைப் பறக்க விடும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளை ஒரு முறை கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. அவற்றின் பிடிப்பு போய்விடும். மாட்டி முடித்து ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும், மறுபடியும் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு. சிறிய வீடர்களில் கத்திகள் பூட்டிய உருளை முழுவதும் அறுகோணத் தண்டிலிருந்து ஒரு பின்னையும் கிளிப்பையும் எடுத்தால் கழன்று வந்துவிடும். அது வசதிதான். ஆனால் கிளிப் தொலைந்ததும் ஆணியை அடித்து வளைத்துவிடும் பழக்கம் இருக்கிறதே, அந்த ஆணியின் நுனி சுற்றும்போது கால்சட்டையைக் கவ்வி இழுக்கும்.

தேய்ந்த கத்திக்குப் பற்றவைத்து (வெல்டிங் செய்து) ஒட்டுப் போடுவதும் காய்ச்சி அடிப்பதும் எங்கள் பக்கத்தில் உண்டு. அதன் காரணம் எனக்குப் புரிகிறது. எங்கள் அப்பாரு காலத்தில் ஏர்க் கொழு மழுங்கினால் கொல்லுப் பட்டறைக்கு எடுத்துப் போவார்கள். ஆசாரி உலையில் காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்துத் தருவார். மறுபடி அது மண்ணைக் கிழிக்கும். பொருளை வீணாக்காத நல்ல வழக்கம் அது. ஆனால் கொழு மாடு நடக்கும் வேகத்தில் மண்ணுக்குள் நகர்வது. வீடர் கத்தியோ நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் கல்லில் மோதுவது. ஆலையில் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு அது. பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, பற்றுக்கு அருகில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை வந்துவிடுகிறது. உடைந்த துண்டு எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிரைண்டரில் தீட்டும்போது விளிம்பு நீலநிறமாக மாறினாலும் பதம் கெடும், அப்போது விளிம்பு மென்மையாகிச் சீக்கிரம் தேயும். புதிய கத்தி ஒன்றைப் பயன்படுத்தாமல் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, பயன்படுத்திவரும் கத்தியை அவ்வப்போது கழற்றி அதன் மேல் வைத்துப் பாருங்கள். அகலம் பாதியாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் காயம் பட்டால், 108-ஐ அழைக்கும்போதே சுத்தமான துணியால் காயத்தை அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை நாங்கள் நேராக ஐஸ் கட்டிக்குள் போட்டுக் கொண்டுபோனோம். அது தவறு என்பது மருத்துவமனையில்தான் தெரிந்தது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். எங்கள் பையனுக்கு நசுங்கிய காயமாக இருந்ததால் எப்படியும் ஒட்டியிருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். அடுத்தவருக்கு அப்படி இருக்க வேண்டுமென்பதில்லை. மண் பட்ட காயத்துக்கு டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

இவற்றில் ஒன்றுகூட இயந்திரத்தை எங்களுக்கு விற்றபோது யாரும் சொல்லவில்லை. கொடுத்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதில் எல்லாம் எழுதியிருந்ததைப் பிறகு படிக்க வைத்துத் தெரிந்துகொண்டேன். பிளக் கேப்பைக் கழற்றச் சொல்லும் வரி ஏழாம் பக்கத்தில் இருந்தது. கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்களின் துயரத்தைப் பார்த்து, ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 1983-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் இயற்றியது. அதே அக்கறை இன்று வீட்டுக்கு வீடு வந்துவிட்ட வீடருக்கும் வேண்டும். மானியத்தில் வழங்கப்படும் ஒவ்வொரு வீடரோடும் தமிழில், படங்களுடன் ஒரு கையேடு தரப்பட வேண்டும் என்றும், விற்பவர் தம் கடை வாசலிலேயே வாங்குகிறவர் கையால் ஒரு கத்தியைக் கழற்றி மாட்ட வைத்த பிறகே இயந்திரத்தை ஒப்படைக்க வேண்டும் என்றும் வேளாண்மைப் பொறியியல் துறை நிபந்தனை விதிக்க வேண்டுகிறேன். அதற்கு ஒரு மணி நேரம் போதும். இன்று எங்கள் தோட்டங்களில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் வீடர் ஓட்டுகிறார்கள். அவர்களுக்குத் தமிழ்க் கையேடும் உதவாது. ஆகவே பிளக் கேப்பைக் கழற்றும் கை, மரக்கட்டை முட்டு, கட்டாத கிளட்ச் பிடி என்று மூன்று படங்களை அழியாத ஒட்டியாகக் கைப்பிடியிலேயே ஒட்டித் தர வேண்டும். கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அந்த ஊரிலேயே பம்பும் உதிரி பாகங்களும் செய்யும் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. இப்படி ஓர் ஒட்டியை வடிவமைப்பது அவர்களுக்கு ஒரு வார வேலைகூட இல்லை.

தங்கள் நாளிதழும் வைகாசி, ஆனி மாதங்களில், மஞ்சளுக்கு முதல் களை தொடங்கும் முன், கத்தி மாற்றும் முறையை அரைப் பக்கத்தில் படங்களுடன் வெளியிட்டால், அதை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்ட எங்கள் ஊரிலேயே பலர் இருக்கிறார்கள். படம் எடுக்க இடம் தேவைப்பட்டால் எங்கள் களத்துக்கு வரலாம். கட்டைகளும் லாரி டியூபும் தயாராக இருக்கின்றன. இப்போது எங்கள் வீட்டில் கத்தி மாற்றுகிறவன் என் தம்பி மகன்தான். பிளக் கேப்பைக் கழற்றித் தூரமாக இழுத்துக் கட்டிவிட்டு, என்னையும் ஒரு முறை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறான்.

இப்படிக்கு,
மஞ்சள் விவசாயி ஒருவர்,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்.